அடிஸ் அபாபாவில் பதினான்கு மணி நேரம்

அரை மணி நேரம் உட்கார வேண்டும், மயக்கமோ அரிப்போ இருந்தால் உடனே சொல்ல வேண்டும், நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும் எழிலரசிக்கு உள்ளூரக் குஷியாகிவிட்டது. அரை மணி நேரம். பத்து நாற்பதிலிருந்து பதினொன்று பத்து வரை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், குக்கர் விசில் அடிக்காது, காலிங் பெல் அடிக்காது, பயணம் முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம். நேற்று மதுரையிலிருந்து ரயிலில் வரும்போது விழுப்புரம் வருவதற்குள் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று, ஆனாலும் அலுக்கவில்லை, சின்னப் பிள்ளை வாயில் போட்ட மிட்டாயை எடுத்து எடுத்துப் பார்க்கிற மாதிரி அவளும் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு முடிந்து பதினேழு பிறந்ததும் இரவு பன்னிரண்டரைக்குச் சென்னையில் ஏறுகிறோம். காலை நாலு மணிக்கு அடிஸ் அபாபா. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து ஜொகானஸ்பர்க், இரவு பத்தரைக்கு இறக்கம். பதினெட்டு முழுதும் ஓய்வு. பத்தொன்பது காலை விக்டோரியா அருவி, ஏப்ரலில் தண்ணீர் ஏகமாக விழுமாம், மழைக்கோட்டு போட்டாலும் தொப்பலாக நனைவார்களாம், நனையட்டும், ஐம்பத்தைந்து வயதில் ஒருத்தி அருவிச் சாரலில் நனைந்தால் எந்தக் குடி முழுகிவிடும். பிறகு சோபே ஆற்றில் படகு, யானைகள் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடக்கும். பிறகு கேப் டவுன். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் சிதம்பரநாதன் புஜத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊசியே இன்னும் உள்ளே இருப்பது போன்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் கம்பங்களை அண்ணாந்து பார்த்த மனிதர், போன மாதம் அதை வாங்கியதிலிருந்து குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார். கிண்டியிலுள்ள ஓர் அரசுத் தடுப்பூசி நிலையத்துக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வருகிறவருக்கு பைனாகுலர் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

மடியில் நாற்பது பக்க கிராப் நோட்டு இருந்தது. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போட்ட கை அது. ஆறாம் வகுப்பு ஏ பிரிவிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இருபத்தாறு பிரிவுகள், நாற்பத்தொரு ஆசிரியர்கள், ஒருத்தருக்குத் தொடர்ந்து மூன்று பீரியட் விழக் கூடாது, பி.டி. வாத்தியார் வெயிலில் நிற்க மாட்டார், தமிழம்மாவுக்குக் கடைசி பீரியட் ஆகாது, எல்லார் முறைப்பையும் வாங்கிக்கட்டிக்கொண்டு ஜூன் மாதம் முதல் வாரத்தில் அதைச் சுவரில் ஒட்டும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அது பெண்ணைக் கல்யாணம் செய்து கொடுத்த நிம்மதி. விமானங்களும் அப்படித்தான் என்று அவள் கண்டுபிடித்தது சென்ற டிசம்பரில். ஒரு விமானம் வந்து சேருவது ஒரு வகுப்பு முடிவது, அடுத்தது கிளம்புவது அடுத்த வகுப்பு, நடுவில் இருப்பது காலி பீரியட். காலி பீரியடில்தான் ஆசிரியர்கள் உயிரோடு இருப்பார்கள். வளைகுடா வழியாகப் போனால் இரண்டு மணி நேரம், நைரோபி வழியாகப் போனால் ஐந்து மணி நேரம், இன்னொரு கம்பெனியில் பத்தொன்பது மணி நேரம், அது காலி பீரியட் இல்லை, கோடை விடுமுறை. நாலு கலர் பேனாவில் ஏழு வழிகளைப் போட்டுப் பார்த்து, சிவப்பில் வட்டம் போட்டது அடிஸ் அபாபாவைத்தான். ஏன் பதினாலு மணி நேரம், அங்கேயே காலையில் எட்டரைக்கு ஒரு ஃப்ளைட் இருக்கிறதே, நாலரை மணி நேரத்தில் ஏறிவிடலாமே என்று சிதம்பரநாதன் கேட்டபோது அவள் கண்ணை நோட்டிலிருந்து எடுக்கவே இல்லை. “நாலரை மணி நேரம்னா பெட்டி ஏறாமப் போயிரும்ங்க. அதுவும் போக காபி பொறந்த நாடு. ஊருக்குள்ள போயி ஒரு வாய் காபி குடிச்சுட்டு வருவோமே.” காபி என்றதும் மனிதர் மடங்கிவிட்டார். காபிக்காக அவர் எதையும் செய்வார், மஞ்சள் காய்ச்சல் ஊசிகூடப் போட்டுக்கொள்வார். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் நாலரை மணி நேரத்தில் மாறிவிட்டால் இந்த ஊசியே வேண்டியதில்லை என்பதை அவள் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை.

அழுத்திச் சொல்லவில்லை என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்வானேன், மறைத்தாள். முப்பது வருஷத்தில் அவரிடம் அவள் மறைத்தது இரண்டே விஷயம், ஒன்று தங்கையோடு பேசாமலிருந்த வருஷங்களில் பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு வாழ்த்து அனுப்பியது, இன்னொன்று இது. காலை நாலு மணிக்கு இறங்கினால் வெளியே வர ஐந்தரை. அங்கே அதைப் பதினொன்றரை என்பார்களாம். சூரியன் எழுந்ததிலிருந்துதான் அங்கே மணி எண்ணுவார்களாம், நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, இதையெல்லாம் தங்கை பூங்கோதை அங்கே போன புதிதில் நீள நீளமாக மின்னஞ்சல் எழுதுவாள், சிவில் இன்ஜினியரிங் பாடம் எடுக்கப் போனவள், முதல் மாதம் வகுப்புக்கு ஆறு மணி நேரம் முன்னால் போய் நின்றாளாம், வாட்ச்மேன் பரிதாபப்பட்டு அவனுடைய நாற்காலியைக் கொடுத்தானாம், அதைப் படித்துவிட்டு எழிலரசி ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்திருக்கிறாள். அக்கா, இங்கே யாருக்கும் குடும்பப் பெயர் இல்லை, நம்மைப் போல அப்பா பெயரைத்தான் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள். அக்கா, இங்கே வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். அக்கா, இங்கே தெஸ்ஃபாயே என்று ஒருத்தர், கணக்கு வாத்தியார், உன்னை மாதிரியே சாக்பீஸ் தீரும்வரை பேசுவார். அந்த மின்னஞ்சலை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் எழிலரசிக்கு விஷயம் பிடிபட்டது. அவரையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அடுத்த மின்னஞ்சல் வந்தது, அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அப்பா எத்தனையோ மேடையில் ஏறிச் சாதி மறுப்புத் திருமணங்களை நடத்திவைத்தவர், மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும், ஆனால் சொந்த வீட்டுக்கு வந்தபோது குரலே எழும்பவில்லை, “அவ செத்துட்டான்னு நெனச்சுக்கங்க” என்று திண்டாடி ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அம்மா அடுப்படியில் அழுதாள். அண்ணன் மஸ்கட்டிலிருந்து கத்தினான். எழிலரசி எதுவும் செய்யவில்லை. அதுதான் அவள் செய்தது. பதினோரு வருஷம். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு படம் வரும், பூங்கோதையும் அந்த நெட்டை மனிதரும் நடுவில் சுருள்முடியோடு ஒரு பெண்ணும், யாழினி தெஸ்ஃபாயே, ஒன்பது வயசு, ஓரப்பல் ஒன்று விழுந்த சிரிப்பு. எழிலரசி ‘வாழ்த்துகள்’ என்று ஒற்றை வார்த்தை அனுப்புவாள், அனுப்பிவிட்டுப் படத்தை விரல்களால் பெரிதாக்கி அந்தப் பிள்ளையின் காதைப் பார்ப்பாள், அம்மாவின் காது.

எதிர் நாற்காலியில் ஒரு மாலுமி தூங்கிக்கொண்டிருந்தான், வாய் திறந்து. மின்விசிறி டக் டக்கென்று தட்டிச் சுற்றியது. கை இலேசாகக் கனத்தது, இதுதான் மயக்கத்தின் ஆரம்பமோ, இல்லை, இட்லி இரண்டோடு நிறுத்தியதால் வந்த பசி. பதினாலு மணி நேரம் என்பது அழகான நேரம், டைம்டேபிள் போடுகிறவளுக்குத்தான் அதன் அழகு தெரியும். ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஏழுக்கு அவள் வீடு. கதவைத் தட்டுவது, திடுக்கிடுவது, அழுவது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம். பிறகு காபி. பிறகு பிள்ளைக்குக் கொண்டுபோகிற பட்டுப்பாவாடை. பிறகு சாப்பாடு. இரண்டு மணிக்கெல்லாம் “ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு” என்று எழுந்துவிடலாம். ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டிய கட்டம் வரும் முன்பே எழுந்துவிடலாம். வருவதைப் பூங்கோதையிடம் முன்கூட்டிச் சொல்லக்கூட இல்லை, சாப்பிட்டுக் கையலம்பிவிட்டுப் போகிற விருந்தாளி சொல்லாமலே போய் நிற்கலாம், அதில் தவறில்லை. அந்த ஒரு சொல் என்ன என்பது எழிலரசிக்குத் தெரியும், அங்கேதான் ஒவ்வொரு தடவையும் அவள் ஓட்டம் சைக்கிள் செயின் கழன்ற மாதிரி நின்றுவிடுகிறது. அம்மா செத்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு. அண்ணன் வர வேண்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தார்கள். ஐந்து மணிக்கு, எல்லாம் முடிந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு எழிலரசி பூங்கோதைக்குப் போன் செய்தாள், அப்பா சொல்லியிருந்தார், எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் போதும் என்று. “நீ வந்து சேர முடியாதுடி, ரெண்டு ஃப்ளைட்டு மாறணும், அதான் சொல்லல.”  “சரிக்கா” என்றாள் பூங்கோதை. அவ்வளவுதான். அன்றைக்கு எழிலரசிக்கு விமானங்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். இந்த டிசம்பரில்தான், நாலு கலர் பேனாவோடு உட்கார்ந்து எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டபோதுதான், ஒரு மத்தியானம் கை தானாக அந்தக் கணக்கைப் போட்டது. வியாழன் இரவு பத்து மணிக்கு அடிஸ் அபாபா, வெள்ளி விடிந்ததும் மும்பை, அங்கிருந்து மதுரை, பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசல். நாலு மணிக்குத்தான் எடுத்தோம். அண்ணனுக்கு வைத்திருந்த அம்மாவை, பூங்கோதையும் பார்த்திருப்பாள், நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். போன வருஷம் அப்பா போனபோது எழிலரசி ஐந்து நிமிஷத்தில் போன் செய்தாள். அந்தத் தடவை பூங்கோதைதான் வரவில்லை.

“ஒட்டகச்சிவிங்கிக்கு நாக்கு எவ்வளவு நீளம் தெரியுமா?” என்றார் சிதம்பரநாதன். பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் பழைய நிலைக்கு வந்திருந்தார். “ஒன்றரை அடி. கருநீலக் கலரு. வெயில்ல வெந்துரக் கூடாதுன்னு.” தெரியும்ங்க, நேற்றும் சொன்னீர்கள் என்று வாய் வரை வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் அந்தக் குஷி பொங்கியது, பாவி மனிதர், இத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்துக் கடைசியில் ஒட்டகச்சிவிங்கியின் நாக்கைப் பார்க்கப் போகிறார். படகு போகும்போது தண்ணீரிலிருந்து நீர்யானை மூச்சு விடும், கேப் டவுனில் பெங்குவின் நடக்கும், ஒரே நாளில் பெங்குவினையும் திமிங்கலத்தையும் பார்க்கலாம், ஏப்ரலில் திமிங்கலம் வராது, பரவாயில்லை, இன்னொரு தடவை வந்தால் போயிற்று, இன்னொரு தடவையா, ஆசையைப் பார். அடிஸ் அபாபாவில் குளிரும், எட்டாயிரம் அடி உயரம், கொடைக்கானல் மாதிரி, ஸ்வெட்டரைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நேரத்தில்தான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கடைசியில் “எழிலரசி, சிதம்பரநாதன்” என்றார். அவளே எழுந்து போனாள். மஞ்சள் அட்டை, ஊசி போட்டதற்குச் சான்று, பாஸ்போர்ட் மாதிரி மடித்தது, சீல் ஈரம் காயவில்லை. எழுத்தர் விரலால் ஒரு கட்டத்தைத் தட்டிக் காட்டினார். “இன்னிக்கு எட்டு. பத்து நாள் கழிச்சுதான் இது செல்லும். பதினெட்டாந் தேதியிலேர்ந்து.”

பதினெட்டா. பதினேழு இல்லையா. எழிலரசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எட்டு, ஒன்பது, பத்து என்று விரல் மடக்கினாள், பத்தாவது விரல் பதினேழில் மடங்கியது, எத்தனையோ தடவை அப்படித்தான் மடங்கியிருந்தது, பச்சை மையில் பதினேழைச் சுற்றிப் பூகூடப் போட்டிருந்தாள். எண்ணியது யார், முப்பது வருஷம் கணக்கு டீச்சர். இன்றைய நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். நம் வீட்டில் அப்படித்தானே எண்ணுவோம், பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் என்றால் பிறந்த நாளும் சேர்த்தி, செத்த பதினாறாம் நாள் என்றால் செத்த நாளும் சேர்த்தி, அம்மாவின் காரியத்துக்கு அவள்தான் வியாழக்கிழமையிலிருந்து விரல் மடக்கி நாள் சொன்னாள், யாரும் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இந்த அட்டைக்கு அந்த எண்ணிக்கை ஆகாது, ஊசி போட்ட நாள் பூஜ்யம். பதினேழாம் தேதி இரவு பத்தரைக்கு ஜொகானஸ்பர்க்கில் போய் நின்றால், அடிஸ் அபாபாவில் பதினாலு மணி நேரம் இருந்தாயே, அட்டையைக் காட்டு என்பான், காட்டினால் நாளைக்குத்தான் செல்லும் என்பான். ஒன்றரை மணி நேரம். வெறும் ஒன்றரை மணி நேரக் குறையில் திருப்பி அனுப்பிவிடுவான். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஒரே வகுப்புக்கு இரண்டு வாத்தியாரைப் போட்டிருக்கிறாள், அன்றைக்கு வந்த அதே வேர்வை இப்போது பிடரியில் வந்தது. சிதம்பரநாதன் எழுந்து வந்துவிட்டார், “என்னாச்சு, மயக்கமா?” அவள் சொன்னாள். அவர் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு எழுத்தரையே கேட்டார். எழுத்தர் இது போல ஆயிரம் பேரைப் பார்த்தவர், பதற்றமே இல்லை. “டிக்கெட் எடுத்தாச்சா?” “பிடிச்சு வெச்சிருக்கோம் சார். இன்னிக்கு ஒரு மணிக்குள்ள பணம் கட்டணும்.” “அப்புறம் என்ன? அங்க பன்னெண்டு மணி நேரத்துக்குக் கொறச்சலா, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராம மாறிட்டீங்கன்னா இந்த கார்டே கேக்க மாட்டான். காலைலயே அடுத்த ஃப்ளைட்டப் புடிச்சுப் போயிருங்க.” சிதம்பரநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நான் சொல்லல? எட்டரை ஃப்ளைட்டு. நாலரை மணி நேரம். காபி ஏர்போர்ட்லயே கெடைக்கும்.”

கிடைக்கும். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே உட்கார்ந்து காகித டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போய்விடலாம், வெளியே ஒன்றரை மணி நேர தூரத்தில் ஒரு வீட்டில் பூங்கோதை பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள், அக்கா வந்து போனது அவளுக்குத் தெரியவே தெரியாது. எழிலரசி நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மணி பத்து ஐம்பத்தைந்து. எவ்வளவு சுலபம், ஒரு கோடு அடித்து எட்டரை என்று எழுதினால் முடிந்தது, யார் மேலும் பழி இல்லை, அட்டை மேல் பழி, ஊசி மேல் பழி, அன்றைக்கும் ஃப்ளைட் மேல்தானே பழியைப் போட்டாள். சீ. இன்னொரு தடவையா. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாமா, திரும்பும்போது அங்கே இரண்டு மணி நேரம்தான், தவிர, போகும்போது செய்யாததைத் திரும்பும்போது செய்கிற ஆள் இல்லை அவள், அது அவளுக்குத் தெரியும். சென்னையிலிருந்தே ஒரு நாள் தள்ளிக் கிளம்பலாமா, அந்த விமானம் வாரத்தில் மூன்று நாள்தான், அடுத்தது பத்தொன்பதில், அருவி விடுதி போய்விடும். அவள் நோட்டைத் திறந்தாள். புதுப் பக்கம். கட்டங்களைப் பார்த்ததும் கை தானாகப் பேனாவைத் தேடியது. பதினேழு காலை நாலு மணிக்கு இறங்குவதை மாற்ற வேண்டாம். ஜொகானஸ்பர்க்குக்குப் பதினெட்டில் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதானே நிபந்தனை. அடிஸ் அபாபாவில் அதே ஆறு மணி ஃப்ளைட், மறுநாள். ஜொகானஸ்பர்க்கில் ஓய்வு என்று விட்டிருந்த பதினெட்டாம் தேதியை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பத்தொன்பது காலை அருவி ஃப்ளைட் அப்படியே இருக்கிறது, ஒன்றும் இடிக்கவில்லை, ஒரு கட்டமும் மோதவில்லை. பேனாவை அப்படியே பிடித்திருந்தாள். பதினாலு மணி நேரம் முப்பத்தெட்டு ஆகிவிட்டது. எப்பேர்ப்பட்ட பொருத்தம், ஸ்டாஃப் ரூமில் இருந்திருந்தால் மேசையைத் தட்டிக் கூவியிருப்பாள், நெஞ்சு அப்படி அடித்தது, அடுத்த மூச்சிலேயே அதே நெஞ்சு வேறு மாதிரி அடித்தது. முப்பத்தெட்டு மணி நேரம் என்றால் ஓர் இரவு. ஓர் இரவு என்றால் பாய், தலையணை, விளக்கணைத்த பிறகு அக்காவும் தங்கையும் மட்டும் விழித்திருக்கிற நேரம். எழுந்து ஓட ஃப்ளைட் இருக்காது. அந்தச் சொல்லைச் சொல்லாமல் முப்பத்தெட்டு மணி நேரம் ஓட்ட முடியாது. பயமாக இருந்தது, பச்சையாகச் சொன்னால் பயம்தான், போ என்று பூங்கோதை கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் தள்ளலாம், கதவையே திறக்காமல் போகலாம், அதையும் மீறி அடிவயிற்றிலிருந்து அந்தக் குஷி ஏறி வந்துகொண்டே இருந்தது, அடக்க அடக்க ஏறியது.

“ஏங்க,” என்றாள். “நாம காபி குடிக்கப் போகல. அங்க பூங்கோதை இருக்கா. அட்ரஸ் வெச்சிருக்கேன். அவளப் பாக்கத்தான் அந்த பதினாலு மணி நேரத்தப் போட்டேன். ஒங்ககிட்ட சொல்லல. தப்புதான்.” சிதம்பரநாதன் பைனாகுலரைக் கழற்றி மடியில் வைத்தார். குளியலறைக்கு வெளியே அது ஒரு மாதத்தில் முதல் தடவை. “அருவி, யானையெல்லாம்?” என்று கேட்டார், கொஞ்சம் அடிபட்ட குரலில். “அதுவும் நெசந்தாங்க. சத்தியமா அதுவும் நெசந்தான். ஆனா இதுக்காகத்தான் ஆப்பிரிக்கான்னு ஆரம்பிச்சேன்.” அவள் நோட்டைக் காட்டி முப்பத்தெட்டு மணி நேரக் கணக்கைச் சொன்னாள். அம்மா செத்த அன்று போட்டிருக்க வேண்டிய கணக்கையும் சொன்னாள், டிசம்பரிலிருந்து யாரிடமும் சொல்லாதது, சொல்லும்போது மூக்கு ஒழுகியது. அவர் நோட்டை வாங்கி மின்வாரிய வரைபடம் பார்ப்பது போலக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். “இது இடிக்கல,” என்றார் கடைசியில். “சரியாத்தான் இருக்கு. ஆனா ராத் தங்குறதுன்னா சொல்லாமப் போயி நிக்கக் கூடாது எழிலு. அது மொறையில்ல. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குன்னா சரி. தங்குறதுக்குக் கேக்கணும். அவ வேணாம்னு சொன்னா எட்டரை ஃப்ளைட்டு, வான்னு சொன்னா இது. இப்பவே கேளு. ஒரு மணிக்குள்ள பணம் கட்டணும்ல.” இப்போதேவா என்று அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார். அங்கே இப்போது காலை எட்டரை, அவர்களுடைய கணக்கில் இரண்டரை, வகுப்புக்குப் போயிருப்பாளோ, போயிருந்தால் நல்லது என்று நினைத்தபடியே எழிலரசி வாட்ஸ்அப்பில் பொங்கல் படங்களைத் தாண்டித் தாண்டி மேலே போய், போன் படத்தை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே பூங்கோதை எடுத்துவிட்டாள்.

“அக்கா? என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?”

அப்படித்தான் கேட்பாள். சாவுக்கு மட்டும் போன் செய்கிற அக்காவிடம் வேறு எப்படிக் கேட்பாள்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லடி. நல்லா இருக்கோம். நானும் மாமாவும் ஊசி போட்டுட்டு ஒக்காந்திருக்கோம்.”

“என்ன ஊசி?”

“மஞ்சக் காய்ச்சல் ஊசி. அங்க வர்றதுக்கு.”

“எங்க வர்றதுக்கு?”

“ஒங்க ஊருக்குத்தான். பதினேழாந் தேதி காலைல நாலு மணிக்கு எறங்குறோம். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கருந்து ஜொகானஸ்பர்க் ஃப்ளைட்டு. ஒரு ராத்திரி ஒங்க வீட்டுல தங்கலாமா?”

 தூரத்தில் ஒரு பிள்ளை எழிலரசிக்குப் புரியாத மொழியில் எதையோ கேட்டது, யாரோ பதில் சொன்னார்கள், ஒரு கதவு சாத்தப்பட்டது. லைன் போய்விட்டதோ என்று பயந்து எழிலரசி பேச ஆரம்பித்தாள், பேச ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. “கோதை, அம்மாவுக்கு நீ வந்து சேந்திருக்கலாம்டி. நான் கணக்குப் பாத்தேன். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். ராத்திரி ஃப்ளைட்டு இருந்துருக்கு. மும்பை வந்து...”

“மும்பை வந்து மதுரை. பன்னெண்டு மணிக்கு வாசல்ல நின்னுருப்பேன்.” பூங்கோதையின் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் வந்தது. “நீ போன வெச்சதும் அன்னைக்கே ஒக்காந்து கணக்குப் போட்டுட்டேன்க்கா. அண்ணனுக்காக வெச்சிருந்து நாலு மணிக்குத்தான எடுத்தீங்க.”

ஆறு வருஷம். இவளுக்கு டிசம்பரில் தெரிந்தது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பொங்கலுக்குப் பொங்கல் படம் அனுப்பியிருக்கிறாள். எழிலரசிக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. “என்ன மன்னி...”

“அக்கா, நிறுத்து. போன்ல சொல்லாத. அம்மா போனதயே போன்லதான் சொன்ன. இதயும் போன்ல சொல்லிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்காத.” இப்போது அந்தக் குரல் உடைந்துவிட்டது, அழுகையா கோபமா என்று தெரியவில்லை, இரண்டும்தான். “நேர்ல வந்து சொல்லு. நான் எதிர்ல ஒக்காந்து கேக்கணும். அதான் முப்பத்தெட்டு மணி நேரம் இருக்குல்ல?”

“இருக்குடி,” என்றாள் எழிலரசி.